கையை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?



ஜோர்ஜ் டவுனில் பசார் தெரு வழியாக ஒரு மாலை வேளையில் நூறு பேர் நம்மைக் கடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் இடக்கைப் பழக்கம் உடையவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 24 இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூற்றுக்கு 10.6 பேர் என்பது அதில் கிடைத்த விடை. அந்தக் கணக்குப்படி நூறு பேரில் பத்துப் பேராவது இருக்க வேண்டும். ஆனால் நம் கண்ணுக்கு அத்தனை பேர் தென்படுவதில்லை. பலர் பொது இடங்களில் வலக்கையைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டவர்கள். வேறு சிலர் சிறு வயதிலேயே கை மாற்றப்பட்டவர்கள்.

நம்மில் பலருக்கு இது பழகிய காட்சிதான். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை இடக்கையில் பென்சிலைப் பிடிக்கிறது. வீட்டில் கவலை பிறக்கிறது. ‘பெண்பிள்ளையாயிற்றே, நாளைக்குப் போகிற இடத்தில் என்ன சொல்வார்கள்?’ என்று பாட்டி கேட்கிறார். பென்சில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றப்படுகிறது. பிள்ளை கேட்காவிட்டால் கையில் ஓர் அடியும் விழுகிறது. இப்படிச் செய்வது சரிதானா என்பதை இன்று நாம் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பேச்சு வழக்கில் வலக்கையைச் சோற்றாங்கை என்கிறோம். இடக்கையைப் பீச்சாங்கை என்கிறோம். ஒன்று உண்ணும் கை, மற்றது கழுவும் கை. குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் வீட்டுக்கு வீடு இல்லாத காலத்தில், இரண்டு வேலைகளையும் இரண்டு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது நல்ல சுகாதார ஏற்பாடு. நாளடைவில் அந்த ஏற்பாடு மரியாதையாக உருவெடுத்தது. குவீன் தெருவில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலில் திருநீற்றை வலக்கையால்தான் வாங்குகிறோம். புதுமணப் பெண்ணை வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்கிறோம். நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் வலக்கையாலேயே உண்பார்கள், வலக்கையாலேயே ஒரு பொருளைக் கொடுப்பார்கள். மலாய் மொழியில் ‘லங்கா கானான்’, அதாவது வலக்கால் அடி, என்றால் நல்ல வாய்ப்பு. ‘லங்கா கீரி’, இடக்கால் அடி, என்றால் வாய்ப்புக் கெட்ட வேளை. ஆங்கிலத்திலோ வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லே ‘சரி’ என்ற பொருளையும் தருகிறது. ஆக, இந்த மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் மரியாதை என்பது வேறு, கையின் இயற்கை என்பது வேறு. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் பிள்ளைக்குத் துன்பம் வருகிறது.

கையின் இயற்கை எது? நம் வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பாதி. இடக்கையை இயக்குவது வலப்பாதி. பேச்சுக்கு முக்கியமான ஒரு பகுதி மூளையின் இடப்பாதியில் இருப்பதைப் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் எடுத்துக்காட்டினார். அப்படியானால் இடக்கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழாக இருக்குமோ என்று கேட்கலாம். அப்படி இல்லை. இடக்கைக்காரர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்குப் பேச்சு இடப்பாதியிலேயே அமைந்திருக்கிறது. அவர்கள் மூளையில் கோளாறும் இல்லை, தனி மேதாவிலாசமும் இல்லை. அமைப்பில் சிறிது வேறுபாடு, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு எப்போது தொடங்குகிறது? வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் தாயின் வயிற்றில் கட்டைவிரல் சூப்பும் சிசுக்களை ஒலியலைக் கருவி மூலம் கண்டு குறித்து வைத்தார்கள். அவர்களில் 75 பேரைப் பிற்காலத்தில் மீண்டும் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வலக்கை விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள். இடக்கை விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். அதாவது, பிள்ளை பென்சிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. 17 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகையால்தான் தாயும் தந்தையும் வலக்கைக்காரர்களாக இருந்தும் பிள்ளை இடக்கைக்காரராகப் பிறக்கிறது. இதில் பிள்ளையின் பிடிவாதம் எதுவும் இல்லை, பெற்றோரின் குற்றமும் இல்லை.

இனி, அந்தப் பிள்ளை நாள்தோறும் சந்திக்கும் இடையூறுகளைப் பார்ப்போம்.

தமிழ் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்கிறது. வலக்கையால் எழுதுகிறவர் பேனாவை இழுத்துக்கொண்டு போகிறார். அவர் கை எழுதாத தாளின் மேல் நகர்கிறது. இடக்கையால் எழுதுகிறவர் பேனாவைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவர் கை, எழுதிய வரியின் மேலேயே நகர்கிறது. மை ஈரமாக இருந்தால் எழுத்தும் கலையும், உள்ளங்கை ஓரமும் கறுக்கும். எழுதியதைப் பார்ப்பதற்காகப் பிள்ளை மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் கை வலிக்கிறது. இதைக் காண்கிற நாம், ‘எழுத வராத கை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நம் பினாங்கிலேயே இதற்கு மாறான காட்சியும் உண்டு. மலாய் மொழியை எழுதப் பயன்படும் ஜாவி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்கிறது. அதை எழுதும்போது எழுதியதன் மேல் உரசுவது வலக்கைதான். சீனரின் பழைய முறைப்படி எழுத்து மேலிருந்து கீழாகவும், பத்திகள் வலமிருந்து இடமாகவும் செல்லும். அங்கும் இடக்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்படியென்றால், மை கலைவது கையின் குறை ஆகாது. அந்தக் கையும் அந்த எழுத்தின் திசையும் சந்திக்கும் விதத்தில்தான் தொல்லை இருக்கிறது.

கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வோம். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிச் சென்றால்தான் துணி வெட்டுப்படும். வலக்கையால் அழுத்தும்போது, கட்டைவிரல் ஓர் அலகை வெளிப்பக்கம் தள்ளுகிறது, மற்ற விரல்கள் மறு அலகை உட்பக்கம் இழுக்கின்றன. அதனால் அலகுகள் நெருங்குகின்றன. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகுகின்றன. துணி வெட்டுப்படாமல் நடுவே மடிந்துகொள்கிறது. மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டையும் மறைத்துவிடுகிறது. அலகுகளை மாற்றி அமைத்த இடக்கைக் கத்தரிக்கோல் கொடுத்தால், அதே பிள்ளை நேராக வெட்டும். ஒரு பக்கம் மட்டும் மூக்கு வைத்த கரண்டி, வலப்பக்கம் மட்டும் எழுதுபலகை பொருத்திய நாற்காலி, வலப்புறம் சங்கிலியில் கட்டிய பேனா என்று இப்படிப் பலவும் உள்ளன. வலக்கைக்காரர்களாகிய நம்மில் பெரும்பாலோர் இவற்றைக் கவனிப்பதே இல்லை, ஏனெனில் அவை நமக்காகவே செய்யப்பட்டவை.

எப்போதாவது நிலைமை மாறியும் வருகிறது. மலேசியாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன. ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்து, இடக்கையால் கியர் மாற்றுகிறார். வலக்கைக்காரர்கள் எல்லாரும் இதைப் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் அதே இடக்கையால் நம் பெயரை எழுதச் சொன்னால் எழுத்து தள்ளாடுகிறது. முரட்டு வேலைகளைக் கை மாற்றிப் பழகலாம், நுட்பமான வேலைகளில் அது எளிதன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விளையாட்டிலும் இப்படித்தான். பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்த்தாஜாமில் வளர்ந்த நம் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் வலக்கைக்காரர். அவருடைய நெடுநாள் எதிராளியான சீனாவின் லின் டான் இடக்கைக்காரர். 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை லீ 21-15 என்று வென்றார். அடுத்த இரண்டையும் லின் டான் 21-10, 21-19 என்று கைப்பற்றினார். 2016-இல் ரியோ அரையிறுதியில் லீ அவரை வென்றார். வெற்றிக்கும் தோல்விக்கும் கை மட்டுமே காரணம் ஆகாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். இடக்கை ஆட்டக்காரர் நாள்தோறும் வலக்கைக்காரர்களோடு ஆடிப் பழகியிருப்பார். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைக்காரர் எப்போதாவதுதான் எதிர்ப்படுவார். பந்து வரும் கோணம் அவருக்குப் புதிது. சிறுபான்மையாக இருப்பதே அங்கு ஓர் அனுகூலம்.

எல்லாரையும் இரண்டே கட்சிகளாகப் பிரித்துவிடவும் முடியாது. சச்சின் டெண்டுல்கர் வலக்கை ஆட்டக்காரர், ஆனால் எழுதுவது இடக்கையால். காந்தியடிகள் இடக்கைக்காரர் அல்லர், ஆயினும் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டவர். 1909-இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் ‘இந்து சுவராஜ்’ நூலை எழுதியபோது, வலக்கை சோர்ந்த வேளைகளில் இடக்கையால் தொடர்ந்து எழுதினார். கையெழுத்துப் படியின் 275 பக்கங்களில் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதியவை. அவர் தம் விருப்பத்தால் பழகினார். பயமுறுத்திப் பழக்குவது அதற்கு நேர் எதிரானது.

பயமுறுத்திப் பழக்கியதற்கும் ஒரு பெயர் பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஜோர்ஜ் டவுன் என்ற பெயர் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரால் வந்தது. அவர் வழியில் வந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னர் பிறவியில் இடக்கைக்காரர். சிறு வயதில் அவரை வலக்கையால் எழுதச் செய்தார்கள். ஆனால் டென்னிஸ் மட்டை இடக்கையிலேயே தங்கிவிட்டது. 1926-இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் அவர் இடக்கையாலேயே ஆடினார். அவருக்குத் திக்குவாய் இருந்ததை உலகம் அறியும். கையை மாற்றியதுதான் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, திக்குவாய்க்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பேசவே தடுமாறும் ஒரு சிறுவனுக்கு எழுதுவதிலும் ஒரு தண்டனையைச் சேர்த்தது அவனுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

நம் இசையுலகில் ஒரு தமிழ்க் கலைஞரின் வரலாறு இதைவிடத் தெளிவான பாடம் சொல்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்த மிருதங்க மேதை. அவர் இடக்கைக்காரர். கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்புறமும் வயலின் இடப்புறமும் அமர்வது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். இடக்கைக்காரர் அங்கே உட்கார்ந்தால் வலந்தலை மறுபக்கம் திரும்பிவிடும். ஆகவே அவர் இடப்புறம் அமர வேண்டும், வயலின்காரர் வலப்புறம் போக வேண்டும். இதற்கு எல்லாரும் இசையவில்லை. வாய்ப்புகள் தவறின. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் அவரை ஆதரித்தார்கள். இடம் மாறி உட்காரச் சிலர் ஒப்புக்கொண்டதால்தான் அந்த வாசிப்பு நமக்குக் கிடைத்தது. கையை மாற்றியிருந்தால் கலை கெட்டிருக்கும். மாற்றியது உட்காரும் இடத்தை மட்டும்தான்.

நேயர்களே, இதையே நம் வகுப்பறையிலும் செய்யலாம். பினாங்கு மாநிலத்தில் உள்ள 28 தமிழ்ப் பள்ளிகளிலும் இதற்குப் பணச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்தால், இடக்கைப் பிள்ளையை இடப்பக்க ஓரத்தில் உட்கார வைப்போம். முழங்கைகள் மோதிக்கொள்ளா. தாளை உடம்புக்கு நேரே வைக்காமல் சற்று இடப்புறம் தள்ளி, அதன் மேல் விளிம்பு வலப்புறம் சாயுமாறு திருப்பி வைக்கச் சொல்லுவோம். பென்சிலை முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே பிடித்து, மணிக்கட்டை வரிக்குக் கீழே வைக்கப் பழக்குவோம். அப்போது எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையும் வளையாது. வெளிச்சம் வலப்புறமிருந்து வரட்டும். பேனாவுக்கு வயது வந்ததும் விரைவில் உலரும் மை கொடுப்போம்.

சாப்பாடு, திருநீறு, பெரியவர்களுக்குக் கொடுப்பது ஆகியவற்றில் குடும்ப வழக்கத்தை அன்போடு சொல்லிக் கொடுக்கலாம். நாசி கண்டார் கடையில் வலக்கையால் உண்டுவிட்டு, பள்ளியில் இடக்கையால் எழுதுகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இரண்டும் ஒருவரிடம் ஒத்துப்போகும். மறந்துபோய்ப் பிள்ளை இடக்கையை நீட்டினால் அதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடக்கைக்காரர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்ற வதந்தியும் ஒன்று உண்டு. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்டு, இடக்கைக்காரர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் குறைவு என்றது. ஆனால் அந்தக் காலத்து முதியவர்களில் பலர் பிள்ளைப் பருவத்தில் கை மாற்றப்பட்டவர்கள். அவர்கள் வலக்கைக்காரர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். இடக்கைக்காரர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் இளையவர்களே அதிகம், ஆகவே அவர்களுடைய சராசரி வயது குறைந்தது. குறைந்தது ஆயுளன்று, கணக்கில் சேர்ந்த முதியவர்களின் எண்ணிக்கை.

எழுதக் கற்கும் பிள்ளையின் கவனமெல்லாம் ‘அ’ என்ற எழுத்தின் சுழியில் இருக்க வேண்டும். எந்தக் கையில் பென்சில் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் அந்தக் கவனம் சிதறினால், இழப்பு எழுத்துக்கு மட்டுமல்ல, படிப்பின் மீது பிள்ளைக்கு உள்ள ஆசைக்கும்தான். ஆகவே நாளை நம் வீட்டிலோ வகுப்பிலோ இடக்கையில் பென்சிலைப் பிடித்த பிள்ளையைக் கண்டால், பென்சிலைப் பிடுங்காமல், நாற்காலியைச் சற்று நகர்த்திப் போடுவோம்.