வயோலா என்னும் நடுக்குரல்

பம்மல், தாம்பரம் முதலிய இடங்களிலுள்ள நம் ஆலயங்களில் கீதங்களை நான்கு குரலாகப் பாடும் வழக்கத்தை யாவரும் அறிவர். மேற்குரலாகிய சொப்ரானோவின் மெட்டைச் சபையார் உடன்பாடுகின்றனர். அடிக்குரலாகிய பாஸின் முழக்கத்தைச் சிறுவரும் உணர்வர். இடையே நிற்கும் ஆல்ட்டோவைப் பிரித்துக் கேட்பார் மிகச் சிலரே. ஒரு ஞாயிறு அக்குரல் இல்லாதொழியின் ஏதோ குறைந்ததென்று தோன்றும். குறைந்தது யாதெனச் சொல்லத் தெரியாது. தந்தி வாத்தியங்களுள் இந்நிலையில் நிற்பது வயோலா. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பெயரே ஆல்ட்டோ என்பதாம்.

தோற்றத்தில் அது சற்றே பெரிய பிடில். நம் பண்டை இசைநூற் சொல்லாற் கூறின், குரலுக்கும் இளிக்கும் எத்துணை இடைவெளியோ அத்துணை இடைவெளி தாழ்ந்து, பிடிலின் நரம்புகளுக்குக் கீழே வயோலாவின் நரம்புகள் நிற்கின்றன. அத்தாழ்ந்த ஒலிக்கு ஏற்றவாறு உடலைப் பெருக்கினால் தோளில் வைத்து வாசித்தல் அரிதாகும். ஆதலின் பிடிலின் உடல் 14 அங்குலமாக, இதன் உடல் பெரும்பாலும் 15 முதல் 17 அங்குலத்துள் அடங்கிவிடுகின்றது. ஒலிக்கு உடல் போதாத இக்குறையே அதற்கொரு தனிக்குணத்தைத் தந்தது. பிடிலின் பளிச்சென்ற தெளிவு அதற்கில்லை. சற்றே மூடிய, துயரந் தோய்ந்த குரல் அது. எமக்கு அக்குரலே இனிது. நம் நாட்டில் எம். பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) அதனைக் கர்நாடக இசைக்குக் கையாண்டார். எனினும் பிடிலைப் போல அஃது இங்கு வேரூன்றவில்லை.

மேனாட்டாரும் நெடுங்காலம் அதனைத் துணைவாத்தியமாகவே வைத்திருந்தனர். ஒரு வாத்தியம் பியானோவுடன் கூடிச் சில பகுதிகளாக விரித்துரைக்கும் இசையமைப்பைச் சொனாட்டா என்பர். மொஸார்ட்டும் பேத்தோவனும் தாமே வயோலா வாசித்தவர்கள். ஆயினும் பிடிலுக்குப் பல சொனாட்டாக்கள் எழுதிய அவ்விருவரும் வயோலாவுக்கென ஒன்றை முழுமையாக எழுதி வைத்தாரல்லர். 20ஆம் நூற்றாண்டிலேதான் அதற்கு நற்காலம் பிறந்தது. அந்நூற்றாண்டுச் சொனாட்டாக்களுள் ரெபேக்கா கிளார்க் என்னும் ஆங்கில மாது 1919இல் எழுதியதைப் பற்றியே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

அம்மையார் 1886இல் பிறந்தவர். இலண்டன் ராயல் இசைக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்த ஸ்டான்ஃபோர்ட், பிடிலை விட்டு வயோலாவை எடுக்குமாறு அவருக்கு அறிவுறுத்தினார். நடுவில் அமர்ந்திருப்பவர்க்கே இசை எவ்வாறு கட்டப்படுகின்றதென்பது விளங்கும் என்பது அவர் கருத்து. 1910இல் தந்தையார் மகளை வீட்டினின்று வெளியேற்றிப் பொருளுதவியையும் நிறுத்திவிடவே, அவ்வயோலாவே அவருக்குச் சோறளித்தது. முதல் உலகப் போருக்கு முன்னர், ஹென்றி வுட் தம் வாத்தியக் குழுவிற் சேர்த்துக்கொண்ட முதற்பெண்களுள் அவரும் ஒருவர்.

1918இல் நியூயார்க்கில் அவர் தம் இசையமைப்புகளை வாசித்தபோது, அவற்றுள் ஒன்றை மட்டும் ஆன்டனி டிரென்ட் என்னும் கற்பனை ஆடவன் பெயரால் வெளியிட்டார். பத்திரிகைகள் அவ்வில்லாத டிரென்டைப் புகழ்ந்தன. அம்மையார் தம் பெயரால் தந்தவற்றைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை!

மறு ஆண்டு அமெரிக்கச் செல்வச் சீமாட்டி எலிசபெத் கூலிட்ஜ் வயோலாவுக்கும் பியானோவுக்குமான இசையமைப்புப் போட்டி ஒன்று நடத்தினார். எழுபதுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். எழுதியவர் பெயர் நடுவர்க்கு மறைக்கப்பட்டிருந்தது. முடிவில் இரண்டு படைப்புகளுக்கு வாக்குகள் சமமாக விழுந்தன. கூலிட்ஜ் அம்மையாரின் தீர்ப்பு வாக்கால் எர்னஸ்ட் பிளாக் பரிசு பெற்றார். மற்றதன் உறையைப் பிரித்தபோதுதான் அது பெண்ணொருத்தியின் கைவண்ணம் எனத் தெரிந்தது. ரெபேக்கா கிளார்க் என்பதும் பிளாக்கின் புனைபெயரே என்றுகூடச் சிலர் பேசினர். ஆண்பெயரால் எழுதியது புகழப்பட்டது. தன் பெயரால் எழுதியது ஆணுக்கே உரிமையாக்கப்பட்டது. இதனினும் கொடிய பாராட்டு உண்டோ?

நிற்க. இசைக்கு வருவோம். ஏட்டின் முகப்பில் பிரெஞ்சுக் கவி முஸ்ஸேயின் அடிகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. கவிஞனை யாழெடுக்க அழைக்கும் பாட்டினின்றும் அவை எடுக்கப்பெற்றவை. முதற் பகுதியில் பியானோ ஒரு கூட்டொலியை எழுப்பி அதிலேயே நிற்க, அதன்மேல் வயோலா உரத்த அழைப்பொன்றை விடுத்துத் தாளக்கட்டின்றி உலாவுகின்றது. சுருதி நிற்க ஆலாபனை எழுவதைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இஃது அயலாகத் தோன்றாது. இரண்டாம் பகுதி விரைந்தோடும் சிறு விளையாட்டு. அதனினும் ஆழ்ந்தது மூன்றாவது. அங்கே பியானோ தனியே எளிய மெட்டொன்றைத் தொடங்க, வயோலா பின்னர் அதனை ஏற்கின்றது.

இச்சொனாட்டா 1921இல் அச்சேறியது. பின்னர்ப் பல்லாண்டுகள் பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1976இல் நியூயார்க் வானொலி தொண்ணூறு வயதெய்திய அம்மையாரைப் பேட்டி கண்டு ஒலிபரப்பியதன் பின்னரே உலகம் அதனை மீண்டும் தேடிற்று. 1979இல் அவர் காலமானார். இன்று வயோலா கலைஞர் பலரும் அதனை அரங்கேற்றுகின்றனர்.

கேட்கப் புகும் அன்பர்கள் மூன்றாம் பகுதியின் நடுவே ஓரிடத்தைக் கவனிக்க வேண்டும். வயோலா தன் தாழ்ந்த ஒலியில் வில்லை நடுக்கியவாறு நெடுநேரம் நிற்கின்றது. மெட்டில்லை, அடங்கிய அதிர்வு மட்டுமே. அதன்மேல், முதலிற் கேட்ட அவ்வழைப்பைப் பியானோ மெல்ல நினைவூட்டுகின்றது. சற்று நேரத்தில் வயோலாவே அதனை மீண்டும் முழுக்குரலில் எடுத்து முழங்குகின்றது.