திரைக்கருவி வீழ்தலும் அதன் காரணம் தேர்தலும்

கணினி மக்களோடு உறவாடும் வாயில் திரையேயாம். அத்திரையிற் காணப்படும் பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி முதலிய உறுப்பு ஒவ்வொன்றும் 'விட்ஜெட்' எனப் பெயர் பெறும். ஈண்டு அதனைத் திரைக்கருவி என்போம். சாளரமும் சுட்டியும் கொண்ட இம்முறை, அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் இயக்கிய 'ஆல்ட்டோ' என்னும் கணினியிற் சிறந்து உருப்பெற்றது. நிரல் எழுதுவோருட் பெரும்பாலார் ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகளையே எடுத்தாளுவர். அவை போதாவிடத்துத் தாமே புதியதொன்றை இயற்றிக்கொள்வர். அங்ஙனம் இயற்றிய கருவி சிற்சில வேளைகளில் தான் வீழ்வதோடு முழு நிரலையும் உடன் வீழ்த்திவிடுகின்றது. 'கிராஷ்' என்று வழங்கும் இவ்வீழ்ச்சி எதனால் நேர்கிறது, அதன் மூலத்தை எங்ஙனம் கண்டறிவது என்பவற்றைத் தமிழ் எழுத்தையே சான்றாகக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஐபோன்களில் ஒரு தெலுங்கெழுத்து வந்து தோன்றிய அளவிலே செய்திச் செயலிகள் வீழ்ந்தன. அறிவிப்பு வடிவில் அது வந்தபோது முகப்புத் திரையே நிலைகுலைந்தது. அவ்வெழுத்து, அறிவு என்னும் பொருள்பட வரும் தெலுங்குச் சொல்லின் முதலில் நிற்கும் 'ஜ்ஞா' என்பதன் ஒரு வடிவமாம். இதனைச் சிலர் 'எழுத்துக் குண்டு' என்றனர். ஆயின் ஆராய்ந்தார் கண்டது வேறு. அச்சொல்லை வழக்கமாக எழுதுமிடத்துத் தீங்கில்லை. எழுத்துக்கள் இணையாவாறு தடுக்கும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு குறி இடையே புகுந்தபோதே வீழ்ச்சி நேர்ந்தது. வங்கத்திலும் தேவநாகரியிலும் அத்தகைய சேர்க்கைகள் அதே விளைவைத் தந்தன. ஆகவே குற்றம் தெலுங்கின்மேலதன்று. எழுத்தை வரையும் பொறியின்மேலதாம். அம்மாதம் 19-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 11.2.6 என்னும் திருத்தத்தால் அது நீங்கிற்று.

இனி, எழுத்தொன்று கணினியுள் எவ்வாறு உறைகின்றது என்பதை அறிதல் வேண்டும். 1991-இல் வெளிவந்த யூனிகோட் முறையிலே ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. உயிரெழுத்துக்கும், அகரமேறிய மெய்க்கும், புள்ளிக்கும், உயிர்க்குறிக்கும் தனித்தனி எண்கள் அமைந்தன. சென்னையினின்று மேற்கே திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள நிலையங்களின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். 'ஆவடி' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆ, வ, ட, இகரக்குறி என நான்கு எண்கள். 'அம்பத்தூர்' நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பத்து எண்கள். எண்களைக் கண்டு திரையில் வரைவதற்கு எழுதுருவில் உள்ள வடிவங்கள் வேண்டும். புள்ளியெழுத்துக்கும் உகர, இகரமேறிய எழுத்துக்கும் ஒவ்வொரு வடிவமே உடைய எழுதுருவில், அம்பத்தூரின் பத்து எண்களுக்கு ஆறு வடிவங்கள் போதும். ஆகவே எழுத்து, எண், வடிவம் என மூன்று கணக்குகள் உள. இவை ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் எண்ணமே கேட்டிற்கு வித்து. ஒருவர் தம் நிரலுக்கென ஒரு முகவரிப் பெட்டி இயற்றுகிறார் என்று கொள்வோம். உள்ளே வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வொரு வடிவம் என்று எண்ணி, எண்கள் எத்தனையோ அத்தனை அறைகளை நினைவகத்தில் ஒதுக்குகிறார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறார், குறையில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எழுதிப் பார்க்கிறார். வடிவங்கள் எண்களின் மிகாமையால் அறைகள் போதுகின்றன. பின்பு ஒருவர் அப்பெட்டியிற் 'கொரட்டூர்' என்று எழுதப் புகுகிறார். 'கொ' என்பது ககரமும் ஒகரக்குறியும் ஆக இரண்டு எண்கள். வரையும்போதோ முன்னே ஒற்றைக்கொம்பு, நடுவே ககரம், பின்னே கால் என மூன்று வடிவங்கள். இரண்டு அறைகளே உள்ளவிடத்து மூன்றாவது வடிவம் அடுத்த வீட்டிற் புகுந்துவிடுகின்றது.

இங்கே இரண்டு வியப்புக்கள் உள. முறையீட்டைப் பெற்ற நிரலாளர், கடிதத்திலிருந்து 'கொரட்டூர்' என்னும் சொல்லை முழுதாக எடுத்துப் பெட்டியில் ஒட்டிப் பார்ப்பாராயின் அது வீழாது. ஏனெனில் முழுச்சொல்லில் எண்கள் ஒன்பது, வடிவங்கள் ஏழு. ஓரெழுத்தாகத் தட்டிவருங்கால் 'கொ' என்று நிற்கும் அந்நொடியிலேதான் அறை குறைகின்றது. இரண்டாவது வியப்பு: 'கொ' என்பதனைக் ககரம், கொம்பு, கால் என மூன்று எண்களாகவும் எழுதலாம், இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட் விதி. அங்ஙனம் அனுப்பும் விசைப்பலகையில் அறைகள் மூன்றாகிவிடுதலின் வீழ்ச்சி இல்லை. 'எம்மிடத்தில் நன்றாகவே இயங்குகிறது' என்று நிரலாளர் விடையிறுப்பதற்கும், 'எம்மிடத்தில் வீழ்கிறது' என்று பயன்படுத்துவோர் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம். இருவர் கூற்றும் மெய்யே.

ஆதலின் காரணம் தேர்வார் முதற்கண் செய்யவேண்டுவது, வீழ்ச்சியை வேண்டும்போது மீண்டும் நிகழ்வித்தலாம். எந்தச் சொல், எந்த விசைப்பலகை, எந்த எழுதுரு, தட்டியதா ஒட்டியதா என்பன யாவும் கேட்டறியப்பட வேண்டும். இரண்டாவது, சுருக்குதல். முகவரி முழுவதையும் வைத்துக்கொண்டு மயங்காமல், பாதி நீக்கிப் பார்த்தல் வேண்டும். மீண்டும் வீழின் மேலும் பாதி நீக்கல் வேண்டும். ஈற்றில் 'கொ' என்னும் ஓரெழுத்து எஞ்சும்போது வினாவின் பாதி தீர்ந்துவிடுகின்றது. தெலுங்கெழுத்துச் செய்தியிலும் இங்ஙனம் சுருக்கியே, புலனாகாத குறியின் பங்கு தெளியப்பட்டது.

மூன்றாவது, வீழ்ந்த வேளையில் எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைத்து நின்றது என்று காட்டும் அழைப்பு வரிசையைப் படித்தல். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜாவா போன்ற மொழிகள் அறையின் எல்லை கடந்த அளவிலே நிரலைத் தடுத்து, இடத்தையும் சுட்டிவிடும். சி, சி++ ஆகிய மொழிகளில் பெரும்பாலும் அக்காவல் இல்லை. மூன்றாம் வடிவம் அயல் அறையிற் புகுந்த நொடியில் யாதும் நிகழாமற் போகலாம். அவ்வயல் அறையில் மின்னும் எழுத்துக்கோலைப் பற்றிய குறிப்பு இருந்ததாயின், அடுத்த முறை அது மின்னப் புகும்போதோ, சாளரத்தை மூடும்போதோதான் நிரல் வீழும். அப்போது அழைப்பு வரிசை எழுத்துக்கோலையே குற்றவாளியாகக் காட்டும். வீழ்ந்த இடம் வேறு, வழுவிய இடம் வேறு என்பதை உணராதவர் குற்றமற்ற பகுதியைத் திருத்திக்கொண்டே இருப்பர்.

இதற்கென ஏற்பட்ட துணைக்கருவிகள் உள. 2012-இல் கூகுள் ஆராய்ச்சியாளர் விளக்கி வெளியிட்ட 'அட்ரஸ் சானிட்டைசர்' என்பது, ஒதுக்கிய ஒவ்வோர் இடத்தின் இருமருங்கும் நுழையத்தகாத வேலிநிலம் ஒன்றை வைக்கின்றது. வேலியில் எவ்வரி கால் வைத்ததோ அவ்வரியிலேயே நிரலை நிறுத்தி, அவ்விடம் எங்கே ஒதுக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கும். இதனோடு இயக்கினால் குற்றம் எழுத்துக்கோலில் இல்லை, வடிவங்களை எழுதும் வரியிலே உள்ளது என்பது வெளிப்படும்.

கண்ட பின் தீர்ப்பது எவ்வாறு? அறை ஒன்றைக் கூட்டி ஒதுக்கிவிட்டால் 'கொ' வீழாது, ஆயின் 'கொகொ' என்று எழுதினால் எண்கள் நான்கு, வடிவங்கள் ஆறு, மீண்டும் வீழும். ஒட்டுப்போடுதல் மருந்தாகாது. மேலும், எண்ணுக்கு இத்துணை வடிவம் என்று நாமே பட்டியல் வகுத்தலும் ஆகாது. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் 'னை' என்பது இணைந்த ஒரு வடிவாக அச்சிடப்பெற்றது. இன்று ஐகாரக் குறியும் னகரமும் தனித்து நிற்கின்றன. ஆதலின் எழுதுரு பழையதாயின் ஒன்று, புதியதாயின் இரண்டு என வடிவத்தொகை வேறுபடும். நேரிய வழி, எண் வரிசையையும் எழுதுருவையும் 'ஹார்ஃப்பஸ்' போன்ற வடிவமைக்கும் பொறியிடம் கொடுத்து, வடிவங்கள் எத்தனை என்று வினவி, அது கூறும் அளவிற்கே இடம் ஒதுக்குதலாம். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இதனையே கைக்கொள்கின்றன. திருத்தம் முடிந்தபின் வீழ்த்திய சொல்லை எறிந்துவிடாமல், நிரல் மாறுந்தோறும் வைத்துப் பார்க்கும் சோதனைச்சொல்லாகச் சேமித்தலும் வேண்டும்.

ஒரு பெட்டி வீழ்ந்தால் என் என்று கருதற்க. சான்றிதழ் வேண்டி இ-சேவை மையத்தில் நிற்கும் ஒருவர் தம் ஊரைத் தம் எழுத்தில் எழுதவியலாது திரும்புவாராயின், 'ஆங்கிலத்தில் எழுதிவிடுக' என்பதே அவருக்குக் கிடைக்கும் எளிய விடையாம். அங்ஙனம் பன்முறை நேரின் தமிழ் திரைக்கு ஒவ்வாதது என்னும் பொய்யுரை நிலைபெறும். தெலுங்கிற்கு அத்தகைய பழி ஒரு முறை வந்ததைக் கண்டோம்.

இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று மென்பொருள் நிலையங்களும் அமைந்துள்ளன. ஆங்குப் பணிபுரிவார்க்குத் தமிழ் மாணவர் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. கொ, கௌ, னை, க்ஷ, ஸ்ரீ என எண்ணும் வடிவும் வெவ்வேறாகப் பிரியும் எழுத்துக்களைத் தேர்ந்து, சோதனைப் பட்டியலாக வகுத்துத் தருதலே அது. எழுத்தின் ஒலியையும் வரிவடிவையும் வேறு வேறாக வைத்து ஆராய்தல் நம் இலக்கணக் கல்வியில் நாம் நாடோறும் பயிலுவது. அப்பயிற்சியைத் திரையின்பாலும் செலுத்துவோமாயின், நம் ஊர்ப் பெயரை எழுதப் புகுவார் பெட்டி வீழக் கண்டு திகைத்தல் குறையும்.