காமிரா ஏன் தடுமாறுகிறது?

அடியோடு நின்றுபோன கருவியைப் பழுதுபார்ப்பது எளிது. மூன்று முறைக்கு ஒரு முறை மட்டும் மறுக்கும் கருவிதான் நம்மைத் திணறடிக்கும். சோதித்துப் பார்க்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். வேண்டிய வேளையில் கைவிரித்துவிடும். படச்சுருள் காமிராவின் தானியங்கிக் குவிப்பில் இத்தகைய கோளாறு வந்தால் இழப்பும் மிகுதி. சுருளைக் கழுவும்வரை படம் தெளிவாக விழுந்ததா என்று தெரியாது. 36 படங்களும் மங்கலாகிப் போயிருக்கலாம்.

1985ஆம் ஆண்டு ஜப்பானின் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட 7000 என்னும் எஸ்.எல்.ஆர். காமிராவை எடுத்துக்கொள்வோம். குவிப்பை அளக்கும் உணர்வி, லென்ஸை இயக்கும் மோட்டார் ஆகிய இரண்டையும் தன் உடலுக்குள்ளேயே கொண்டு பெருவெற்றி பெற்ற காமிரா இது.

இது எவ்வாறு குவிக்கிறது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உருப்பெருக்கி லென்ஸ் ஒன்றை அட்டையால் மூடி, அட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் இடுங்கள். இருட்டறையில் 2 மீட்டர் தொலைவில் மெழுகுவத்தி எரியட்டும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சரியான இடத்தில் ஒரே பிம்பம் தெரியும். மற்ற இடங்களில் இரண்டு தெரியும். இப்போது ஒரு துளையை மூடுங்கள். தாள் லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால் அதே பக்கத்துப் பிம்பம் மறையும். மிகத் தள்ளியிருந்தால் எதிர்ப்பக்கத்துப் பிம்பம் மறையும். ஆகவே எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைப் பிம்பங்களே சொல்லிவிடுகின்றன! 1619ஆம் ஆண்டிலேயே கிறிஸ்டோப் ஷைனர் என்பவர் கண்ணைப் பற்றிய தம் நூலில் இத்தகைய இரு துளைச் சோதனையை விளக்கியிருக்கிறார்.

காமிராவும் இதையே செய்கிறது. லென்ஸின் இரு பக்கங்கள் வழியே வரும் ஒளியைத் தனித்தனியே பிரித்து, அடியிலுள்ள ஒளியுணர்விகளின் வரிசைமேல் விழச் செய்கிறது. இரு பிம்பங்களுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு மோட்டாரைச் சுழற்றுகிறது.

இதிலிருந்தே ஓர் உண்மை புலப்படும். ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் அடையாளம் இருந்தால்தான் இம்முறை பலிக்கும். வெறும் வெள்ளைச் சுவரில் அடையாளம் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் அடையாளம் தெளிவாக இராது. 7000இன் உணர்வி வரிசை கிடைமட்டமானது. ஆகவே கிடைக்கோடுகள் மட்டுமே கொண்ட பொருளிலும் அது தடுமாறும். காமிராவை நெட்டுவாக்கில் திருப்பியதும் குவிந்துவிட்டால் காமிரா பழுதாகவில்லை என்று பொருள்.

ஆகவே முதல் சோதனைக்கு நல்ல பொருளைத் தேர்ந்தெடுங்கள். பகல் வெளிச்சம் படும் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, 2 மீட்டர் தொலைவில் காமிராவை மேசைமேல் வையுங்கள். சுருள் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் குவிப்பைக் கலைத்துவிட்டு, பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பத்து முறை செய்து, முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறும்போது காதையும் பயன்படுத்துங்கள். மோட்டார் முன்னும் பின்னும் ஓடித் தேடுகிறதா? உணர்வி அடையாளத்தைக் காணவில்லை. மோட்டார் ஒலி கேட்டும் லென்ஸ் சுழலவில்லையா? இரண்டையும் இணைக்கும் திருகுமுனை சரியாகப் பொருந்தவில்லை. லென்ஸைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். ஒலியே இல்லையா? தானியங்கிக் குவிப்புக்கான விசை சரியான நிலையில் உள்ளதா என்று பாருங்கள். பிறகு மின்கலங்களைச் சந்தேகியுங்கள்.

மின்கலம் ஏன் சில நேரம் மட்டும் கைவிட வேண்டும்? இதில் நான்கு மின்கலங்கள். மொத்தம் 6 வோல்ட். மோட்டார் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். உள்மின்தடை 1 ஓம் எனில் 0.5 வோல்ட் மட்டுமே குறையும். மின்கலம் பழையதாகி அது 4 ஓம் ஆனால் 2 வோல்ட் குறைந்து 4 வோல்ட்தான் மிஞ்சும். சற்று ஓய்வு கொடுத்தால் மின்கலம் ஓரளவு தேறிக்கொள்ளும். காமிராவும் மீண்டும் இயங்கும். மோட்டார் ஓடாத நிலையில் வோல்ட்மீட்டரால் அளந்தால் இந்தக் குறை தெரியாமலே போகலாம்.

அடுத்து, லென்ஸும் உடலும் சேருமிடத்தில் உள்ள ஐந்து மின்தொடு முனைகள். விரல் எண்ணெயும் வியர்வையும் அவற்றின்மேல் மெல்லிய படலமாகப் படியும். உலர்ந்த, தூய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, முலாம் போய்விடும்.

இங்கே ஒரு விதியை மறக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மின்கலத்தை மாற்றி, முனையைத் துடைத்து, லென்ஸையும் மாற்றினால் காமிரா சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எத்தனை முறை சோதிக்க வேண்டும்? மூன்று முறைக்கு ஒரு முறை தவறும் காமிரா, ஒரு முறை தவறாமலிருக்க வாய்ப்பு 2/3. ஒவ்வொரு முறையும் தனி நிகழ்ச்சி எனக் கொண்டால், தொடர்ந்து மூன்று முறை தவறாமலிருக்க வாய்ப்பு 8/27, அதாவது ஏறத்தாழ 30 விழுக்காடு. எதையும் சரிசெய்யாமலே இவ்வளவு வாய்ப்பு! பத்து முறையும் தவறாமலிருக்க வாய்ப்போ 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே இரண்டு மூன்று வெற்றிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். பத்து முறையாவது சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: காமிராவின் உடலைத் திறக்காதீர்கள். பிளாஷ் உள்ளமைந்த சிறு காமிராக்களில் மின்தேக்கி ஒன்று உண்டு. மின்கலத்தை எடுத்த பின்னும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். அது கடுமையாகத் தாக்கும். கண்ணாடியையும் உணர்வியையும் விரலால் தொடவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் கோளாறு தொடர்ந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உங்கள் குறிப்புத்தாளையும் உடன் கொடுங்கள். எந்த வெளிச்சத்தில், எந்த லென்ஸில், பத்துக்கு எத்தனை முறை தவறியது என்பது அதில் இருக்கும். அவர் கையில் காமிரா ஒழுங்காக ஓடினாலும், எங்கே தேட வேண்டும் என்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லும்.