அரசுத் தொடக்கப் பள்ளியின் தரத்தை மதிப்பிடுதல்

அரசுத் தொடக்கப் பள்ளியின் தரத்தை மதிப்பிடுதல் என்பது, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் ஓர் அரசுப் பள்ளி தன்னிடம் சேரும் குழந்தைகளுக்கு எழுத்தறிவையும் எண்ணறிவையும் எந்த அளவுக்குக் கற்றுத் தருகிறது, அவர்களை எவ்வளவு பாதுகாப்பாகவும் மதிப்புடனும் நடத்துகிறது என்பதைக் கண்டறிவதாகும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு என்ற அளவுகோல் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாடு அரசு 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

இதனால் பெற்றோர் பலர் கட்டடம், சீருடை, பெயர்ப் பலகை ஆகியவற்றைப் பார்த்தே பள்ளியை எடைபோடுகின்றனர். இக்கட்டுரை மதுரை மாநகரையும் அதைச் சூழ்ந்த ஒன்றியங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு தொடக்கப் பள்ளியில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்குகிறது.

மதுரைப் பகுதிப் பள்ளிகளின் வகைகள்

மக்கள் பொதுவாக "அரசுப் பள்ளி" என்று அழைத்தாலும், மதுரை மாவட்டத்தில் இப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகள் பல. மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம், கள்ளிக்குடி உள்ளிட்ட 13 ஒன்றியங்களிலும் இருப்பவை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். நகருக்குள் மாநகராட்சிப் பள்ளிகள் உள்ளன. உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரங்களில் அரசு கள்ளர் பள்ளிகள் மிகுதி. இவை ஆங்கிலேயர் காலத்துக் கள்ளர் சீரமைப்புத் திட்டத்தில் தோன்றி, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ் நீண்ட காலமாக இயங்கி வருபவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. ஒரு குறையை யாரிடம் சொல்வது என்பது பள்ளியின் வகையைப் பொறுத்து மாறும். ஆகவே பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் கூறும் குறைந்தபட்ச அளவுகள்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணை, தொடக்கப் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது.

ஆசிரியர் எண்ணிக்கை: 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. குழந்தைகள் 150க்கு மேல் இருந்தால் இவர்களுடன் ஒரு தலைமையாசிரியர்.

கட்டடம்: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சத்துணவுக்கான சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, மாற்றுத்திறன் குழந்தைகள் தடையின்றி வந்துபோகச் சாய்தளம் முதலியன.

காலம்: ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரம் கற்பித்தல்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சட்டப்படி குறைபாடே. ஆனால் எல்லாம் இருப்பதனாலேயே பள்ளி நல்ல பள்ளி ஆகிவிடாது. கற்பித்தல் நடப்பதற்குத் தேவையான சூழல் இருக்கிறதா என்பதை மட்டுமே இப்பட்டியல் காட்டும்.

ஈராசிரியர் பள்ளி

சட்டத்தின் முதல் வரியைக் கூர்ந்து பார்த்தால், 60 குழந்தைகள் வரை உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்த வேண்டியுள்ளது. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இத்தகைய பள்ளிகளைப் பரவலாகக் காணலாம். 800 மணி நேரத்தை 200 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 4 மணி நேரம். இரண்டு ஆசிரியர்களின் நேரம் சேர்ந்து 8 மணி. அதை ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேரடியாகத் தர முடிவது ஏறத்தாழ 1 மணி 36 நிமிடம். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் அது பாதியாகிவிடும்.

எனவே இத்தகைய பள்ளியை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல ஈராசிரியர் பள்ளியில் அவர்கள் கையில் ஒரு வேலை இருக்கும்: அட்டைகளை வரிசைப்படுத்துவார்கள், படம் பார்த்து எழுதுவார்கள், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாசித்துக் காட்டும். நலிந்த பள்ளியில் வாயில் விரல் வைத்து அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவருக்கு இரண்டாவது காட்சி ஒழுக்கமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே கற்றல் நடக்கவில்லை.

2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, பல வகுப்புக் குழந்தைகள் ஓரறையில் தத்தம் வேகத்தில் கற்பதற்கு வழி செய்தது. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட "எண்ணும் எழுத்தும்" திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரிக்கிறது. ஒரு குழந்தை எந்த நிலையில் இருக்கிறது, சென்ற பருவத்தில் எந்த நிலையில் இருந்தது என்று பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கலாம். தயங்காமல் விடை சொல்லும் ஆசிரியர் அந்தக் குழந்தையைக் கவனித்து வருகிறார் என்று கொள்ளலாம்.

மாணவர் எண்ணிக்கையும் பள்ளியின் போக்கும்

ஒவ்வோர் ஆண்டும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. 61 குழந்தைகள் உள்ள பள்ளிக்கு மூன்று ஆசிரியர். ஒரு குழந்தை விலகி 60 ஆனால் இரண்டு போதும் என்று கணக்கு சொல்லும். மூன்றாம் ஆசிரியர் போனபின் கற்பித்தல் தளர்கிறது. அதைக் கண்டு மேலும் சில பெற்றோர் பிள்ளைகளை வேன் வரும் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். கட்டணம் கட்ட இயலாதவர்களின் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகின்றனர்.

ஆகவே பெற்றோரின் மதிப்பீடு வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை. அது பள்ளியையே மாற்றும் வலிமை உடையது. வதந்தியைக் கேட்டு எடுக்கும் முடிவு, விலகிய குழந்தையைவிட அங்கேயே தங்கிய குழந்தைகளைக் கூடுதலாகப் பாதிக்கும். குறைந்த எண்ணிக்கை மட்டுமே மோசமான பள்ளியின் அடையாளம் ஆகாது. பிறப்பு விகிதக் குறைவு, நகருக்குக் குடிபெயர்தல், அருகில் புதிய பள்ளி திறத்தல் ஆகியவையும் காரணமாகலாம்.

தவறாகப் பயன்படும் அளவுகோல்கள்

வண்ணம் தீட்டிய சுவர், திறன்மிகு வகுப்பறைத் திரை, புதுக் கட்டடம் ஆகியவை வரவேற்கத்தக்கவை; ஆனால் அவை கற்றலுக்குச் சான்று அல்ல. ஊர் மக்கள் தங்கள் பள்ளிமீது வைத்திருக்கும் பற்று வேறு வகையான சான்று. யா. ஒத்தக்கடை அருகிலுள்ள கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காக, ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை மறைந்த தம் மகளின் நினைவாக 2024 ஜனவரியில் தானமாக வழங்கினார். இத்தகைய ஆதரவு உள்ள பள்ளியில் குறைகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வாய்ப்பு குறைவு.

ஆங்கில வழிப் பிரிவு 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. அது இருப்பதாலேயே குழந்தை ஆங்கிலம் கற்றுவிடும் என்பதில்லை. வீட்டுமொழியில் வாசிக்கப் பழகாத குழந்தைக்கு இரண்டாம் மொழியின் வாசிப்பும் கடினமாகும்.

நலத்திட்டங்களையும் தரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள் இடம்பெற்றன. 2023 ஆகஸ்ட்டில் மாநிலத்தின் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிவானது. காலையில் வயிறு நிறைந்த குழந்தை பாடத்தில் மனம் செலுத்த முடியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உணவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவது, உணவு நேரத்துக்கு வந்து இறங்கும்போதே பாத்திரம், தண்ணீர், கைகழுவும் இடம் ஆயத்தமாக இருக்கிறதா, எல்லாக் குழந்தைகளும் வேறுபாடின்றி ஒன்றாக அமர்ந்து உண்கிறார்களா என்பதே.

ஆய்வுகள் காட்டுவதும் காட்டாததும்

பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பு, ஊரகப் பகுதி வீடுகளுக்குச் சென்று குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிறது. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளுக்கு மாதிரிப் பள்ளிகளில் நடத்தப்பட்டது. இவை மாவட்டம் அல்லது மாநிலத்தின் பொதுநிலையைக் காட்டுமே தவிர, ஒரு தெருவிலுள்ள பள்ளியின் நிலையைச் சொல்லா. அசர் ஊரகத்துக்கு உரியது என்பதால் மதுரை மாநகரின் பள்ளிகள் அதன் வரம்பிலேயே வருவதில்லை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் 1966இல் வெளியிட்ட அறிக்கை, மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம் என்று காட்டியது. மைக்கேல் ரட்டர் குழுவினர் லண்டனின் 12 மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூல், ஒத்த பின்னணியுள்ள மாணவர்களைக் கொண்ட பள்ளிகளிடையேகூட, நடைமுறைகளால் பெரும் வேறுபாடு விளைகிறது என்று கண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. படித்த பெற்றோரின் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியின் மதிப்பெண்ணில் வீட்டின் பங்கும் கலந்திருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையை எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து கதை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் பள்ளியின் உழைப்பு, மதிப்பெண் பட்டியலில் தெரியாமல் போகலாம். தரம் என்பது குழந்தை இப்போது நிற்கும் இடம் மட்டுமல்ல. தொடங்கிய இடத்திலிருந்து அது நடந்து வந்த தொலைவும் ஆகும்.

நேரில் பார்த்து அறிய வேண்டியவை

தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஒரு சாதாரண வேலை நாளில் செல்வது நல்லது. ஆண்டு விழா நாள் இதற்குப் பயன்படாது.

வாசிப்பு: மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் பாடநூலைத் தராமல், அது முன்பு பார்த்திராத எளிய கதைநூல் ஒன்றைத் தர வேண்டும். பாடநூல் மனப்பாடமாகியிருக்கலாம். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளிலும் ல, ள, ழ வேறுபாட்டிலும் குழந்தை தடுமாறுகிறதா என்று கவனிக்கலாம். வாசித்தபின் "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்பது கட்டாயம். ஒலித்துவிட்டுப் பொருள் சொல்லத் தெரியாத வாசிப்பு பாதி வாசிப்பே.

கணக்கு: 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கும் முறை விளங்கவில்லை. அதே கணக்கை "52 ரூபாயில் 27 ரூபாய்க்குப் பூ வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று வாய்மொழியாகவும் கேட்க வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு, கடையில் சரியாகக் கணக்கிட்டவர்கள் தாளில் அதே கணக்கில் தவறினர் என்று காட்டியது. வாயால் 25 என்று சொல்லும் குழந்தைக்குக் கணக்கு தெரியும். அதைத் தாளில் எழுதும் முறையைப் பள்ளி இன்னும் கற்றுத்தரவில்லை.

குறிப்பேடு: ஜூன் மாத ஏட்டையும் ஜனவரி மாத ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் ஏட்டிலும் ஒரே வரிகள் இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. குழந்தை தானாக எழுதிய பிழையுள்ள வாக்கியமும், அதன்மேல் ஆசிரியரின் திருத்தமும், அதன்பின் குழந்தை மீண்டும் எழுதியதும் இருந்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது.

பின்தங்கிய குழந்தை: வகுப்பின் சிறந்த மாணவர் எந்தப் பள்ளியிலும் நன்றாகவே வாசிப்பார். கடைசியில் இருக்கும் குழந்தையின் பெயர் ஆசிரியருக்குத் தெரிகிறதா, அதற்கென்று என்ன செய்கிறார் என்பதே உண்மையான சோதனை.

வருகை: பெரியாறு பாசனப் பகுதிகளில் நடவு, அறுவடை நாட்களிலும், செங்கல் சூளைக்குக் குடும்பங்கள் செல்லும் காலத்திலும் வராத குழந்தையைப் பள்ளி தேடிச் செல்கிறதா என்று கேட்க வேண்டும்.

கழிப்பறை: திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, ஆசிரியர்களுக்கு மட்டும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் குழந்தைகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அச்சம்: ஆசிரியர் அருகில் வரும்போது குழந்தை கையை முகத்துக்கு உயர்த்துகிறதா, அல்லது ஏட்டை நீட்டுகிறதா என்பதைப் பார்த்தாலே போதும். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

குறை கண்டால் செய்யக்கூடியவை

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், நிதி செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் இக்குழுவின் பணி. இதன் கூட்டப் பதிவேட்டைப் பார்த்தால் பள்ளியின் நிலை ஓரளவு விளங்கும்: ஒரே தீர்மானம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது குழாய் பழுது, ஆசிரியர் காலியிடம் போன்றவை முடித்து வைக்கப்பட்டுள்ளனவா என்று தெரிந்துகொள்ளலாம்.

குழுவில் தீராதவற்றை ஊராட்சி ஒன்றியப் பள்ளியாயின் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், மாநகராட்சிப் பள்ளியாயின் மாநகராட்சிக் கல்விப் பிரிவிடமும் எழுத்தில் கொடுக்கலாம். கிராம சபைக் கூட்டத்திலும் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் உள்ளது. காலிப் பணியிடம், நிதி ஒதுக்கீடு பற்றிய விவரங்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம்.

முறையிடும்போது ஆசிரியரின் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்வது பயன் தரும். ஏடு திருத்தாமை, தாமத வருகை, அடித்தல் ஆகியவை பள்ளிக்குள் தீர வேண்டியவை. காலிப் பணியிடம், இடிந்த சுவர், தண்ணீர் இணைப்பு ஆகியவை மேலிடத்தில் தீர வேண்டியவை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "பள்ளி சரியில்லை" என்று எழுதிய மனுவுக்குப் பொதுவான பதிலே வரும். எந்த வகுப்பு, எந்த நாள், என்ன குறை என்று குறிப்பிட்ட மனுவை அலுவலர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.