வீட்டை மகன் பேருக்கு எழுதப் போறீங்களா? பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கட்டும்!

மதுரை செல்லூரில் தறிச் சத்தம் முன்னைப்போல இல்லை. ஆனால் தறி நெய்து, சீட்டுக் கட்டி எழுப்பிய சின்னச் சின்ன வீடுகள் சந்துக்குச் சந்து நிற்கின்றன. ஒரு சென்ட், ஒன்றரை சென்ட்தான். பல குடும்பங்களுக்கு மொத்தச் சொத்தே அதுதான்.

அப்படி அம்மா பெயரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். "என் பேருக்கு எழுதிக் குடும்மா, லோன் போட்டு மாடி எடுக்குறேன்" என்கிறான் மகன். அம்மாவும் பதிவு ஆபீஸுக்குப் போய் ரேகை வைத்துவிட்டு வருகிறார். எழுதியது உயிலா, செட்டில்மென்ட்டா என்று கேட்டால், "ஏதோ பத்திரம்ப்பா" என்பார்.

சிக்கல் அங்கேதான். உயில் என்றால் அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் அமலுக்கு வரும். மனசு மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவானால், பொதுவாக அன்றைக்கே வீடு மகனுடையது. நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது.

நாகப்பட்டினத்தில் 87 வயது மூதாட்டி ஒருவர் இப்படித்தான் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகன் இறந்துபோனார். மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க, பத்திரம் ரத்தானது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிள்ளை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தானே பெற்றவர்கள் எழுதுகிறார்கள், நிபந்தனையை வெளிப்படையாக எழுதாவிட்டாலும் அது உள்ளே இருக்கிறது என்பதே தீர்ப்பின் சாரம். கைகொடுத்தது, 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. 60 வயதைக் கடந்தவர்களுக்கானது.

ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். 2022 டிசம்பரில் வேறொரு வழக்கில், நிபந்தனை இருந்ததாக நிரூபிக்காமல் இந்தப் பிரிவில் ரத்து செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எனவே, "ஆயுள் முழுக்க என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு" என்று எழுதச் சொல்லுங்கள். சாகும்வரை அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் சேர்க்கச் சொல்லுங்கள். மகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செலவையும் பாருங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால், 2023 ஜூலையில் உயர்த்தியபடி முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. (பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.)

எங்கள் வீட்டில் உயில் பேச்சை எடுத்தாலே "வாயைக் கழுவு" என்பார் அப்பத்தா. எழுதாமல் போனால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா சம்பாதித்த வீடு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. கட்டிக் கொடுத்த மகளுக்கும் உண்டு.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் அவசியம். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். நாளை வழக்கு என்று வந்தால், அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறி, "என் கண் முன்னாலதான் கையெழுத்துப் போட்டாங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும்.