மைக் செட் மிகைப்பி

மைக் செட் மிகைப்பி என்பது திருவிழா, திருமணம், பொதுக்கூட்டம் முதலியவற்றில் ஒலிவாங்கி அல்லது இசைத்தட்டிலிருந்து வரும் வலுக்குறைந்த மின்சமிக்ஞையைப் பெருக்கி ஒலிபெருக்கிகளை இயக்கும் மின்னணுக் கருவி ஆகும். ஒலிவாங்கி, மிகைப்பி, ஒலிபெருக்கி ஆகியன சேர்ந்த தொகுதி தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மைக் செட் அல்லது ரேடியோ செட் என்றும், கூம்பு ஒலிபெருக்கி குழாய் என்றும் அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை வெற்றிடக் குழல்களுக்கு (வால்வு) மாற்றாக வந்த பழைய திரிதடைய மிகைப்பிகளையும், தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில் அவற்றின் பயன்பாட்டையும் பற்றியது.

வரலாறு

திரிதடையம் (டிரான்சிஸ்டர்) 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் பெங்களூரின் பாரத் மின்னணு நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வால்வுகளையும் செருமானியத் திரிதடையங்களையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. பொது ஒலிபரப்புக் கருவிகளில் 1940இல் தில்லியில் தொடங்கப்பட்ட அகுசா நிறுவனத்தின் மிகைப்பிகள் நாடெங்கும் பரவின. பின்னர் வெப்பத்தை நன்கு தாங்கும் சிலிக்கன் திரிதடையங்கள் செருமானிய வகையின் இடத்தைப் பிடித்தன. இவற்றுள் 2என்3055 என்னும் எண்ணுடையது மைக் செட் பழுது பார்ப்போர் அனைவரும் அறிந்த ஒன்றாகும்.

மின்கலத்தில் இயங்குதல்

வால்வு மிகைப்பிக்குச் சில நூறு வோல்ட்டு மின்னழுத்தம் தேவை. 12 வோல்ட்டு மகிழுந்து மின்கலத்தைக் கொண்டு இதனை இயக்க வேண்டுமாயின் அதிர்வி அல்லது சுழல்மாற்றி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். வால்வின் இழை சூடேறும் வரை காத்திருக்கவும் வேண்டும். திரிதடையமோ 12 வோல்ட்டிலேயே உடனே இயங்கும். எனினும் அம்மின்னழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இணைத்தால், எளிய சுற்றில் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 2 வாட்டு மட்டுமே. ஆகவே பழைய மின்கல மிகைப்பிகளில் வெளியீட்டு மின்மாற்றி ஒன்று வைக்கப்பட்டு, பல பத்து வாட்டுகள் பெறப்பட்டன. அக்கருவிகளின் எடைக்கு இம்மின்மாற்றியும் ஒரு காரணம்.

இந்த வசதி மலையடிவார ஊர்களுக்குப் பெரிதும் பொருந்தியது. கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடைப்பட்டது. சாமி ஊர்வலம், வண்டியில் செல்லும் தேர்தல் பரப்புரை, மின்கம்பி எட்டாத ஏலத்தோட்டக் குடியிருப்பு ஆகிய இடங்களில் மின்கலமே துணை. இப்பகுதியின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிவந்தவர். 1958ஆம் ஆண்டு கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தல் பரப்புரையிலும் அவர் பாடினார். அவருடைய தம்பி இளையராசா இக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தே பின்னர் திரையிசைக்குச் சென்றார். அது வால்வு மிகைப்பிகளின் காலம்.

ஒலியின் தன்மை

வால்வு மிகைப்பி தன் எல்லையை நெருங்கும்போது ஒலி சிறிது சிறிதாகத் திரியும். திரிதடைய மிகைப்பியில் எல்லை வரை ஒலி தெளிவாக இருந்து, அதனைத் தாண்டியவுடன் அலையின் முகடு சட்டென வெட்டுப்பட்டுக் கரகரப்பாகிவிடும். மின்கிட்டார் வாசிப்போர் பலர் இதனால் திடநிலை மிகைப்பிகளை விரும்புவதில்லை. ஆனால் பெடல் ஸ்டீல் கிட்டார் கலைஞர்கள் இதற்கு விலக்கு. அக்கருவியில் கம்பியைச் சுண்டியபின் ஒலி தேயத் தேய, கால்மிதியால் ஒலியளவு கூட்டப்படுகிறது. சுண்டும் கணத்தின் உச்சம் திரியாதிருக்க மிகைப்பியில் நிறையத் திறன் கையிருப்பு வேண்டும். இதற்காகவே அமெரிக்காவின் பீவி நிறுவனம் 1970களில் வெளியிட்ட செசன் 400 என்னும் திடநிலை மிகைப்பி அவர்களிடையே நற்பெயர் பெற்றது. மைக் செட்டுக்கும் தேவை தெளிவே. எனினும் நடைமுறையில் ஒலியளவுத் திருகு எல்லைவரை திருப்பப்படுவதால், கேட்போருக்கு எட்டுவது பெரும்பாலும் வெட்டுப்பட்ட ஒலியே. குறை கருவியினுடையதன்று.

கம்பி இணைப்பு

குழாய்கள் தெருக்கோடி வரை மரங்களிலும் மூங்கில்களிலும் கட்டப்படுவதால் கம்பியில் ஏற்படும் இழப்பு பெரிது. 100 வாட்டு திறனை 8 ஓம் இணைப்பில் அனுப்ப 3.5 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. 100 வோல்ட்டு இணைப்பில் 1 ஆம்பியர் போதும். இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் இணைப்பின் ஒவ்வொரு குழாயிலும் பொருத்த மின்மாற்றி இருக்க வேண்டும்.

இரு வகை மிகைப்பிகளும் பழுதாகும் விதம் நேரெதிரானது. வால்வு மிகைப்பி குறுக்குச்சுற்றை ஓரளவு பொறுக்கும். குழாயின் கம்பி அறுந்து சுமையின்றி ஓடினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி எரியக்கூடும். திரிதடைய மிகைப்பி கம்பி அறுவதைப் பெரும்பாலும் தாங்கும், ஆனால் இரு கம்பிகள் ஒட்டினால் வெளியீட்டுத் திரிதடையங்கள் நொடியில் போய்விடும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உரசித் தோல் உரிந்த கம்பிகள் இத்தகைய சேதத்தை விளைவிக்க வல்லவை. பழகியோர் முறுக்கிய இரட்டைக் கம்பியை முடிச்சிட்டுத் தொய்வின்றிக் கட்டுவது இதனால்தான்.

பழுதும் பாதுகாப்பும்

நீண்டகாலம் பயன்படுத்தாத மிகைப்பியில் மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்து இரைச்சல் தோன்றும். மின்மாற்றிகள் பல பத்தாண்டுகள் நிலைப்பவை. ஆகவே பழைய இரும்பு விலைக்குப் போகும் கருவிகளுள் பலவற்றைச் சில மின்தேக்கிகளை மாற்றியே மீட்க இயலும். முதலில் மின்னிணைப்பு தரும்போது 100 வாட்டு குண்டு மின்விளக்கு ஒன்றைத் தொடராக இணைப்பது வழக்கம். விளக்கு மங்காமல் முழு ஒளியுடன் எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது எனப் பொருள். 2என்3055இன் உலோக உறையே அதன் ஏற்புமுனை என்பதால், மைக்கா தகடின்றி அதனை வெப்பத்தகட்டில் பொருத்துதல் கூடாது. பெரிய உறைக்குள் சிறிய சில்லை வைத்த போலிகளும் சந்தையில் உள்ளன.

சட்டம்

இந்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல இசைவு தேவை. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயன்பாடு தடைசெய்யப்பட்டுள்ளது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளுக்கான அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல் ஆகும். விழாக்காலங்களில் தமிழகக் காவல்துறை வெளியிடும் அறிவிப்புகளில் கூம்பு ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது வழக்கமாக இடம்பெறுகிறது. குழாய்களின் இடத்தைப் பெட்டி ஒலிபெருக்கிகள் பெரிதும் பிடித்துவிட்டன.