வெட்டிய கள்ளிக்கு உடனே தண்ணி ஊத்தாதீங்க! தூண் கள்ளியை வளர்ப்பது எப்படி?

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணி போன்ற இடங்களில் மொட்டை மாடித் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு வெயில், உப்புக்காற்று, உப்புத் தண்ணி என மூன்று தலைவலிகள். இதைச் சமாளிக்கக்கூடிய செடிகளில் ஒன்று தூண் கள்ளி. நர்சரியில் வாங்கக்கூட வேண்டாம், தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு துண்டு போதும்.

முதலில், அது எந்தக் கள்ளி?

நம் ஊர் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளி, கேக்டஸ் இனமே அல்ல. அது ஆமணக்கின் குடும்பம். தூண் வடிவ கேக்டஸ்களின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். சதுரக்கள்ளியில் முட்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். கேக்டஸில் பஞ்சு போன்ற புள்ளியிலிருந்து கொத்தாக வரும்.

இந்த வித்தியாசம் முக்கியம். சதுரக்கள்ளியை வெட்டினால் வழியும் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பட்டுவிட்டால் நிறைய தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எப்படி வெட்டி நடுவது?

* ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியில் ஓரடித் துண்டாக வெட்டுங்கள். எது அடிப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நடக்கூடாது.
* நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் பக்கவாட்டில் வேர்விடும், தண்டும் வளையும்.
* வெட்டுவாய் காய்ந்து தோல் போல இறுக வேண்டும். தடித்த துண்டுக்கு 2 முதல் 3 வாரம் ஆகும்.
* செம்மண், ஆற்று மணல், உடைத்த செங்கல் கலவையில் 2, 3 அங்குலம் புதைத்து, குச்சியில் கட்டுங்கள். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

தண்ணீர் எப்போது?

‘வாடுதே, பாவம்’னு ஊத்துறதுதான் பலரும் செய்யும் தப்பு. துண்டுக்குள்ளேயே தண்ணீர் சேமிப்பு உண்டு. இலைத்துளைகளும் இரவில்தான் திறக்கும் என்பதால் இழப்பு குறைவு. வேர் இல்லாத துண்டு தண்ணீரைக் குடிக்காது, அழுகத்தான் செய்யும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, லேசாக நல்ல தண்ணீர் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிப்ரவரி, மார்ச் இதற்கு ஏற்ற நேரம்.

மிச்சத் துண்டை வெளியே வீசலாமா?

கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, உடைந்த துண்டுகளாலேயே தென்னிந்தியா முழுக்கப் பரவியது. அதை அடக்க 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியையே கொண்டுவர வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தால் இன்னொரு தொட்டியில் நடுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.